தூக்குவாளிக்குள் ஓர் அழைப்பு

"டீச்சர், இந்த ஆபத்து எப்பத் தீரும்?"

கேட்டவர் பேச்சிமுத்து. வயது ஐம்பத்தாறு. சங்கரன்கோவில் நூலகத்தில் கணினி வகுப்பு எடுக்கும் ரஹ்மத், அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவள் முன்னால் நின்றுகொண்டுதான் பேசுவார்.

"எந்த ஆபத்து, அண்ணாச்சி?"

"வெளிநாட்டு வீடியோ கால். எடுத்த நிமிசமே போன் அவங்க கைக்குப் போயிருமாம். டிவியில சொன்னான்."

மேசைமேல் எவர்சில்வர் தூக்குவாளியை வைத்துத் திறந்தார். உள்ளே, துண்டில் சுற்றிய போன்.

"யாரு போன் போச்சாம்?"

"பேரு சொல்லல."

"எந்த ஊரு?"

"ஊரும் சொல்லல. சிவப்பு சிவப்பா எழுத்து. பின்னால இடி இடிச்சுது."

"தப்பிக்க வழி?"

"விளம்பரம் முடிஞ்சு சொல்லுதேன்னான். முடிஞ்சதும் வேற எங்கயோ பாம்பு வந்துட்டுன்னு அதக் காட்டுனான்."

ரஹ்மத் சிரிக்கவில்லை. போனை எடுத்துத் திருப்பினாள். முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான்கு எண்கள். கீழே வேறு நான்கு.

"இது?"

"போனத் திறக்க ஒண்ணு, பேங்க் கார்டுக்கு ஒண்ணு. மறந்திரக் கூடாதுல்லா. டீக்கடை முருகையாகூட அதைப் பாத்துத்தான் திறந்து தருவாரு."

அவள் சீட்டை உரித்து அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டையும் இன்னைக்கே மாத்திரணும்."

"அப்ப டிவியில சொன்னது பொய்யா?"

"திருடன் இருக்கான், அண்ணாச்சி. ஆனா இடி இடிச்சுக்கிட்டு வர மாட்டான்."

பேச்சிமுத்து சீட்டையே பார்த்தார். அவர் கேட்க வந்தது அதுவல்ல.

"எம் மக கோமதி மஸ்கட்டுல இருக்கா. தினமும் கூப்பிடுதா. தூக்குவாளிக்குள்ள அடிச்சு அடிச்சு ஓயும். மூடிமேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அதிரும்."

"எதுக்குக் காத்திருக்கீங்க?"

"ஆபத்து தீந்துட்டுன்னு டிவியில சொல்லுவாங்கல்லா. சொன்னதும் எடுக்கணும்னு தினமும் ஏழு மணிக்குப் போட்டுப் பாக்கேன்."

"எத்தனை நாளா?"

"நாப்பத்தொரு நாளா."

"மக எதுக்குக் கூப்பிடுதா?"

அவர் முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ள பொறந்திருக்கு. பொம்பளப் பிள்ள. சம்பந்தி வந்து சொன்னாரு. எம் மூக்காம்."

மேசைமேல் போன் அதிர்ந்தது. ரஹ்மத் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"யாருன்னு தெரியுதா?"

"கோமதி."

"பேத்திக்கு இப்ப எத்தனை நாளு, அண்ணாச்சி?"

பேச்சிமுத்து துண்டால் திரையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"நாப்பத்தொண்ணு" என்று சொல்லி முடிக்குமுன் அவர் விரல் திரையைத் தொட்டிருந்தது.