உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி

மருதாசலம் சீடராக வந்து சேர்ந்தபோது அவருடைய வலது காலில் மூன்று விரல்கள்தான் மிச்சம். மற்ற இரண்டும் சர்க்கரை வியாதிக்குப் போய்விட்டன. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஐம்பத்தாறு வயது.

குருவுக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. வேலம்மை என்று பெயர். இளம் வயதில் தொழுநோய் வந்து குணமானவர். நோய் போனது, கைகால்களில் உணர்ச்சி திரும்பவில்லை. குன்றின் அடிவாரத்தில் நான்கு ஓட்டு வீடுகள்தான் அவருடைய ஆசிரமம்.

"எதைத் தொட்டாலும் நாலு நாள் வேகமா செய்வேனுங்க அம்மா. அப்புறம் விட்டுப்போயிரும்," என்றார் மருதாசலம். "ரெண்டு காலையும் காப்பாத்திக்கோணும். மனசுல உறுதி வர்றதுக்கு ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்க."

வேலம்மை உள்ளே போய் ஓரம் உடைந்த ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார்.

"விளக்கு வைக்கற நேரத்துல உள்ளங்காலைப் பாருங்கண்ணா. தினமும்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அந்த நேரத்தில் வேலம்மையும் வேறொரு கண்ணாடியோடு உட்கார்ந்து தன் கால்களைப் பார்ப்பார். மருதாசலம் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு நாள் பார்த்தார். காயம் இல்லை, கீறல்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்னத்தைங்க அம்மா தினமும் பாக்கறது? எனக்கென்ன அழகு பாக்கற வயசா?"

மற்ற சீடர்கள் சிரித்தார்கள். வேலம்மையும் சிரித்துவிட்டு, குனிந்து தன் காலைப் பார்த்தார்.

மறுநாள் கண்ணாடி கூரை இடுக்குக்குப் போனது. மருதாசலத்தின் மனம் பெரிதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் விடிந்ததும் குன்றை இரண்டு முறை ஏறி இறங்குவது. அதற்கென்றே புதிய டயர் செருப்பு வாங்கினார். வேர்த்து வழிய இறங்கி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இப்பத்தானுங்க அம்மா ஒரு வேகம் வந்திருக்குது!"

"காலைப் பாத்தீங்களா?"

"வலியே இல்லீங்களே."

"எனக்கும் வலிக்காதுங்கண்ணா."

இன்று சாயங்காலம் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் அசதியில் படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

இரண்டு நாள் கழித்து, கழுவிவிட்ட சிமெண்டு வாசலில் அவர் நடந்த வழியெல்லாம் பழுப்பாகத் தடம் பதிந்திருந்தது. வேலம்மைதான் முதலில் பார்த்தார். உட்கார வைத்து வலது செருப்பைக் கழற்றினார். அது காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. செருப்பின் ஆணி ஒன்று மேலே எழும்பி, எத்தனை நாளாகவோ, நடக்கும்போதெல்லாம் குதிகாலைக் குத்திக் குடைந்திருந்தது. நாற்றம் எழுந்தது. மருதாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர் நான்கு நாள் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் வேலம்மை தன் கண்ணாடியோடு வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு இனி எதுலயும் மனசு இல்லீங்க அம்மா," என்றார் மருதாசலம், சுவரைப் பார்த்தபடி.

"சரிங்கண்ணா."

வேலம்மை காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாசலம் இந்தப் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருசமா பாக்கறீங்க?"

"இருபத்திரண்டு."

"சலிக்கலீங்களா?"

"சலிக்கும்."

"அத்தனை வருசத்துல எத்தனை நாள் புதுசா காயம் தெரிஞ்சுது?"

வேலம்மை யோசித்தார். "ஏழு நாள்."

"ஏழே நாள்." மருதாசலம் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "மத்த நாளெல்லாம் என்னத்தைத்தான் பாத்தீங்க?"

வேலம்மை கண்ணாடியை முந்தானையில் துடைத்து, அவருடைய இடது பாதத்தின் பக்கத்தில் வைத்தார்.

"கால் இருந்துச்சுங்கண்ணா."