கறந்த சூடு

"இந்தக் கையை நம்ப மாட்டேங்காங்க அம்மா" என்றார் சங்கரநயினார்.

மடத்து ஆடுகளைப் பன்னிரண்டு வருஷமாகக் கறப்பவர் அவர். வயது அறுபத்தைந்து. குரு கோமதியம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் சங்கரநயினார்தான் சீடர். குருவோ அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார்.

"யார் நம்பல அண்ணாச்சி?"

"டவுன் டாக்டரு. பேத்தி வடிவுக்கு டைபாய்டு வந்து இப்பத்தான் தேறுதா. ஆட்டுப்பால் குடுங்க, ஆனா பொங்கக் காய்ச்சிக் குடுங்கன்னு சொல்லுதாரு."

"காய்ச்சுனா என்ன?"

"கறந்த சூட்டோட குடிச்சாத்தான அம்மா மருந்து! ஆடே சூடாக்கித் தருது. அதுக்கு மேல நாம என்னத்தக் காய்ச்ச?"

கோமதியம்மை அவர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"மடியக் கழுவுதேன். கையக் கழுவுதேன். செம்பை வெயில்ல காயவைக்கேன். பன்னெண்டு வருஷமா நானும் பச்சையாத்தான் குடிக்கேன். ஒரு நாள் படுத்தேனா?"

அவர் குரலில் கர்வம் இருந்தது. அதற்கு அடியில் பயமும் இருந்தது. வடிவுக்குத் தாய் இல்லை. நாலு வயசு. பதினெட்டு நாள் காய்ச்சலில் பிள்ளை ஒரு பிடி ஆகிவிட்டிருந்தது. எப்படியாவது உடம்பு தேறிவிட வேண்டும் என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

செம்பில் பால் நுரைத்திருந்தது. அப்போதுதான் கறந்தது.

"போன மாசம் செவலை ஆடு குறைமாசத்துல குட்டி போட்டுதே. ஏன்?" என்று கேட்டார் கோமதியம்மை.

சங்கரநயினார் தலையைச் சொறிந்தார்.

"தெரியல அம்மா."

"அதுக்கும் நீங்கதான தீவனம் வச்சீங்க?"

"நான்தான்."

"இது எந்த ஆட்டுப் பாலு?"

"கருப்பி. செவலைகூடத்தான் கட்டிக் கெடக்கும். ஆனா இதுக்கு ஒண்ணும் இல்ல அம்மா."

"ஆட்டுக்கு உள்ள இருக்க நோவு பால்லயும் வரும். இதுக்கு இல்லன்னு தெரியுமா?"

அவர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். "பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ள என்னன்னு... தெரியாது."

கோமதியம்மை ஒரு டம்ளரில் பாலை ஊற்றினார். பச்சையாகவே குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சங்கரநயினாரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அம்மாவுக்கு என் கை மேல நம்பிக்கை இருக்கு!"

"கை மேல இருக்கு. பால் மேல இல்ல."

"பின்ன ஏன் குடிச்சீங்க?"

"தெரியாதுன்னு நீங்க உண்மையைச் சொன்னீங்க. அதக் கேட்டுக்கிட்டுத்தான் குடிச்சேன். நோவு வந்தா என் வயித்துக்குத்தான் வரும்."

டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப எனக்குச் சொன்னத வடிவுகிட்டயும் சொல்லிட்டுக் குடுங்க."

வடிவு மடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தலைமுடி பாதி கொட்டிப்போன பிள்ளை.

சங்கரநயினார் டம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டு அதன் முன்னால் குத்தவைத்தார்.

"வடிவு, இந்தப் பால் இருக்குல்லா..."

"ம்."

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு தாத்தாவுக்கு..."

பிள்ளை அதற்குள் வாயைத் திறந்துவிட்டது. கண்ணையும் மூடிக்கொண்டது.

"நீ ஊத்து தாத்தா."

அவர் டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எழுந்து அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியைத் தேடினார்.