பதினோராவது ஸ்டாப்

ஆறுமுகநயினார் கண்ணத் தெறந்தப்போ போன்ல பேத்தி லூனா இல்ல. ஒரு காலி நாற்காலி. அதுமேல ஒரு துணி முயல். பின்னால மஞ்சச் சுவரு. அவ்ளோதான்.

அவருக்கு ஒண்ணும் வெளங்கல. இப்பதான இங்க உக்காந்திருந்தா? ரெட்ட ஜடையும் ரிப்பனுமா, நாடிக்குக் கைய முட்டுக்குடுத்து, "அபுவேலோ, மே யாமாராஸ்?"னு கேட்டாளே! தாத்தா, என்னய கூப்பிடுவியான்னு அர்த்தம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி ஒருதடவ கூப்பிடுவியான்னு கேக்கிறா.

அவருக்கு உச்சி குளுந்து போச்சு. பின்ன? யாமார்னா ஸ்பானிஷ்ல கூப்பிடுறது. ரெண்டு வாரமா அவரு மூணு காலத்துலயும் உருப்போட்டது அதே வினைச்சொல்லத்தான். படிச்ச கேள்வியே பரிச்சையில வந்த மாதிரி ஒரு சந்தோசம். கண்ண மூடுனாரு. ஆரம்பிச்சாரு.

"யாமோ, யாமாஸ், யாமா, யாமாமோஸ், யாமான்..."

நிகழ்காலம் அஞ்சும் முடிஞ்சுது. இறந்தகாலம் அஞ்சும் முடிஞ்சுது. எதிர்காலத்துல மொத சொல்லு வந்துது. "யாமாரே!" கூப்பிடுவேன்! பெருமையா கண்ணத் தெறந்தாரு.

நாற்காலி காலி.

மக வள்ளிநாயகி மூஞ்சி போன்ல வந்துது. "யப்பா, அவகிட்ட என்ன சொன்ன? அழுவுதா."

"கூப்பிடுவேன்னுதாம்ளா சொன்னேன்!"

"இல்லியாம். நான் கூப்பிடுதேன், நீ கூப்பிடுத, அவங்க கூப்பிடுதாங்கன்னு அடுக்கிக்கிட்டே போனியாம். நேத்து ஊரே கூப்பிட்டுச்சுன்னியாம். 'தாத்தா எல்லாரையும் சொல்லுதாரு, நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லல'ன்னு தேம்புதா."



லூனாவுக்கு ஆறு வயசு. இருக்கிறது மெக்சிகோவுல, தெரிஞ்சது ஸ்பானிஷ் மட்டுந்தான். தொண்டையில டான்சில் வீங்கி, அங்க வெள்ளிக்கிழமை காலையில ஆபரேசன். டாக்டர்கிட்ட சொல்லியே வச்சிருந்தா, தாத்தா கூப்பிட்டாத்தான் வாயத் தெறப்பேன்னு. தாத்தா கூப்பிடவும் செஞ்சாரு. கூப்பிட்டு இப்படிக் காரியத்தக் கெடுத்தும் வச்சாரு.

"நீ பக்கத்துல நின்னு சொல்லிக் குடேன் வள்ளி."

"நான் நின்னா அவ என் மூஞ்சியத்தாம்ப்பா பாக்கா. உன் மூஞ்சியப் பாக்கல. அதுக்குத்தான உன்னய கிளாசுல சேரச் சொன்னேன்? வெள்ளிக்கிழமை காலைல ஏழரைக்குக் கூப்பிடு. இங்க வியாழக்கிழமை ராத்திரி எட்டு, அவ படுக்கப்போற நேரம். இனி அந்த ஒரு தடவதான்."

பாளையங்கோட்டையில ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல மாடில ஜெசிந்தா ஸ்பானிஷ் வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு வயசு இருபத்தேழு. படிக்க வர்றதெல்லாம் வெளிநாட்டுக்குப் போற நர்சுங்க, ஓட்டல் வேலைக்குப் போற பையங்க. நடுவுல அறுபத்திரெண்டு வயசுல இவரு ஒருத்தரு. ரிட்டயர்டு பஸ் கண்டக்டரு.

அன்னைக்குப் படியேறுன வேகத்துலயே சொன்னாரு.

"டீச்சரம்மா, என் பேர அடிச்சிருங்க."

"என்ன அண்ணாச்சி ஆச்சு?"

சொன்னாரு.

"எல்லாம் மண்டைல இருக்கு டீச்சரம்மா. பதினஞ்சும் இருக்கு. ஆனா நடுவுலருந்து ஒண்ண எடுன்னா வரமாட்டேங்கு. மொதல்லருந்து வந்தாத்தான் வருது."

"எங்க, 'அவங்க கூப்பிட்டாங்க' சொல்லுங்க."

ஆறுமுகநயினார் கண்ண மூடுனாரு. உதடு மட்டும் அசைஞ்சுது. யாமோ, யாமாஸ்...

பின் பெஞ்சுலருந்து ஒருத்தன், "அண்ணாச்சி, பஸ்ஸு எங்கன வருது?"ன்னான்.

"இன்னும் ஜங்ஷனே தாண்டலடே," இன்னொருத்தன்.

மொத்த வகுப்பும் கொல்லுன்னு சிரிச்சுது. ஒரு நர்சுப் பொண்ணு மட்டும், "சும்மா கெடங்கலே"ன்னு அதட்டுனா. அவரும் சேந்து சிரிச்சாரு. ஆனா கண்ணு சிரிக்கல.

ஜெசிந்தா கேட்டா, "எப்படி மனப்பாடம் பண்ணுனீங்க?"

"ஸ்டாப்பு மாதிரித்தான். திருநெல்வேலி ஜங்ஷன்லருந்து பாபநாசம். முப்பத்தோரு வருசம் அதே ரூட்டு. மேலச்செவல், பத்தமடை, சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர்... தூக்கத்துல கேட்டாலும் வரும். அதான் இதயும் அப்படியே போட்டுட்டேன். மூணு காலமும் மூணு ட்ரிப்பு. ட்ரிப்புக்கு அஞ்சு ஸ்டாப்பு. 'கூப்பிடுவேன்' பதினோராவது ஸ்டாப்பு."

அப்புறம் கைய விரிச்சாரு.

"புள்ள நிக்கிறது பதினோராவது ஸ்டாப்புல. நான் ஜங்ஷன்லருந்து வாறதுக்குள்ள அது அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டு. நடுவுலருந்து ஒரு சொல்ல எடுக்க என்ன வழி டீச்சரம்மா?"

ஜெசிந்தா கரும்பலகைய அழிச்சா.

"நாளைக்குப் பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க அண்ணாச்சி. காருகுறிச்சில எனக்கு ஒரு வேல இருக்கு. தொணைக்கு வாங்க."

மறுநாள் பாபநாசம் பஸ்ஸுல சன்னலோரம் ஜெசிந்தா, பக்கத்துல ஆறுமுகநயினார். புது கண்டக்டர் இவரப் பாத்துட்டு, "என்ன அண்ணாச்சி, ரிட்டயர் ஆயும் வண்டிய விடலியா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

வண்டி கெளம்பவும் ஜெசிந்தா சொன்னா, "ராத்திரி பேப்பர் திருத்தி சரியாத் தூங்கல. கொஞ்சம் கண்ணசந்துக்கிடுதேன். காருகுறிச்சி வந்தா எழுப்பி விட்டுருங்க."

சொன்ன அஞ்சாவது நிமிசம் தூங்கிட்டா. நெசமான தூக்கம். வாய் லேசாத் தெறந்திருந்துது.

மேலச்செவல்ல ஒரு கல்யாணக் கூட்டம் திமுதிமுன்னு ஏறுச்சு. ஒரு பெரிய மனுசன் அவ தோள்ல சாயப் பாத்தாரு, ஆறுமுகநயினார் நடுவுல கைய வச்சுக்கிட்டாரு. பத்தமடைல ரெண்டு பொம்பளைங்க பாய்க்கட்டோட ஏறுனாங்க. வெயிலு அவ மூஞ்சில அடிச்சுது. எழுந்து குனிஞ்சு சத்தமில்லாம ஷட்டர எறக்கி விட்டாரு. சேரன்மாதேவில வண்டி நின்னு பனங்கெழங்கு, வெள்ளரிக்கான்னு ஒரே கூப்பாடு. "மெதுவாக் கத்துங்கய்யா, புள்ள தூங்குது"ன்னாரு. அவ மடிலருந்து பை நழுவுச்சு. எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டாரு.

அப்புறம் ஒரு வளைவு. வண்டி வளையுறதுக்கு முன்னாலயே மெதுவாச் சொன்னாரு.

"டீச்சரம்மா. காருகுறிச்சி."

எறங்குனாங்க. ஸ்டாப்பு எதுக்க டீக்கடைல ரெண்டு டீ சொன்னா ஜெசிந்தா.

"ஜங்ஷன்லருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாச் சொல்லிக்கிட்டே வந்தீங்களா அண்ணாச்சி?"

"எதுக்கு?"

"பெறகு காருகுறிச்சி வருதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இதென்ன கேள்வி! நீங்க தூங்கிட்டுல்லா இருந்தீங்க? உங்களயேல்லா பாத்துட்டு வந்தேன். வெயிலு அடிக்கி, பை நழுவுது, இவன் வந்து மேல சாயுதான்... ஊரு வந்துது. எழுப்புனேன்."

ஜெசிந்தா டீயக் குடிச்சா.

அவரு காத்திருந்தாரு.

"ஏதோ வேல இருக்குன்னீங்களே?"

"முடிஞ்சுட்டு."

"அப்போ பாடம்?"

"டீ ஆறுது அண்ணாச்சி. குடிங்க."

வெள்ளிக்கிழமை காலைல ஏழரை. வீட்டுல ஃபேன நிறுத்திட்டு, போன டப்பாமேல சாச்சு வச்சுட்டு உக்காந்தாரு. மடியில நோட்டு. நோட்டுல மூணு வரிசை, வரிசைக்கு அஞ்சு கட்டம். வெரல் பதினோராவது கட்டத்துல தயாரா இருந்துது.

அந்தப் பக்கம் வள்ளிநாயகி லூனாவ உக்கார வச்சுட்டு ஒதுங்கிப் போயிட்டா.

லூனா முயல வாய்க்கு நேரா பிடிச்சுக்கிட்டா. கண்ணு மட்டும் தெரிஞ்சுது.

ஆறுமுகநயினாருக்குப் பழக்கத்துல எமை தாழ்ந்துது. உதட்டுல 'யா'ன்னு வந்துட்டு. அப்போதான் பாத்தாரு. ஒரு ஜடையில ரிப்பன் அவுந்து தொங்குது. முயலுக்குக் கீழ, சின்ன வெரலு தொண்டையத் தடவிக்கிட்டு இருக்கு. வலிக்குதோ? இல்ல, நாளைக்கு என்னமும் செஞ்சிருவாங்களோன்னு தொட்டுத் தொட்டுப் பாக்குதோ?

நோட்டு மடியிலருந்து சரிஞ்சு கீழ விழுந்துது. அவரு எடுக்கல.

"லூனா," ன்னாரு. "தே யாமாரே."

உன்னய கூப்பிடுவேன்.

முயலு ஒரு இஞ்சு எறங்குச்சு.

"மஞ்ஞானா. தே யாமாரே." நாளைக்கும்.

"சீ?"ன்னா அவ. நெசமாவா?

"சீ."

அதுக்குமேல அவருக்குச் சொல்லவும் தெரியல, அவளும் கேக்கல. போனத் தூக்கிட்டுப் போயித் தலகாணிமேல வச்சா. பக்கத்துல முயல வச்சா. அப்புறம் இவரப் பாத்தபடி ஒருச்சாச்சுப் படுத்தா. அவரும் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒவ்வொரு தடவையும் எமை மூடப்போயி, தாத்தா இருக்காரான்னு தெறந்து பாத்துச்சு அந்தப் புள்ள. இருந்தாரு. கடைசியா வாய் லேசாத் தெறந்துகிட்டு.

தூங்கிட்டா.

ஆறுமுகநயினார் ரொம்ப நேரம் போன வைக்கல. வைக்கும்போது யாருக்கும் கேக்காம, "ரைட்"ன்னாரு.

மறுநாள் காலைலயும் அதே ஏழரைக்குக் கூப்பிட்டாரு. லூனாவால பேச முடியல. ஐஸ்கிரீம் கப்பத் தூக்கிக் காமிச்சா. அவ்ளோ பெருசா வாயத் தெறந்து, உள்ள பாரு உள்ள பாருன்னு சைகை வேற.

பத்து மணிக்கு வகுப்புக்கு வந்தாரு. எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தாரு. பின் பெஞ்சுப் பையன், "பஸ்ஸு சேந்துட்டா அண்ணாச்சி?"ன்னான். "சேந்துட்டுடே"ன்னாரு.

எல்லாரும் போன பெறகு ஜெசிந்தா மேசைக்கிட்ட வந்து நின்னாரு. முகத்துல சந்தோசம்தான். ஆனா நோட்டப் பிடிச்சிருந்த கையில ஒரு சங்கடம்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"ரெண்டு வாரமா ராப்பகலா பதினஞ்சு சொல்லு படிச்சேன். கடைசில தேவப்பட்டது ஒண்ணே ஒண்ணு. இந்தா, இந்தக் கட்டம். மிச்சம் பதினாலும் வீண்தானா?"

ஜெசிந்தா நோட்ட வாங்கிப் பாத்தா. மடங்கியிருந்த ஓரத்த வெரலால நீவி விட்டு, அவரு கையிலயே திருப்பிக் குடுத்தா.

"மிச்ச பதினாலு பேரும் சீட்டுலதான் இருக்காங்க அண்ணாச்சி. தூங்குதாங்க. அவங்க ஊரு இன்னும் வரல."

ஆறுமுகநயினார் நோட்ட நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, சத்தமில்லாம படியெறங்கிப் போனாரு.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா? எல்லாத்தையும் சரியாச் சொல்லி முடிச்சுட்டு கண்ணத் தெறந்து பாத்தா, எதுக்க ஒரு காலி நாற்காலி மட்டும்?