சின்னச் சக்கரத்துக்கு அறுபது

"இந்தச் சக்கரம் மலை ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லும்மா. எனக்கு நிக்க நேரமில்லை."

கேட்டவர் அர்த்தநாரி. வாழப்பாடிக்காரர். வயது ஐம்பத்தொன்று. காரை விட்டு இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை இறக்கித் தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார்.

கேட்கப்பட்டவள் சகாயமேரி. ஏற்காடு மலை அடிவாரத்தில் டயர் கடை வைத்திருப்பவள். முப்பத்து மூன்று வயது இருந்தால் அதிகம். ஆனால் மலை ஏறுகிற டிரைவர்கள் அத்தனை பேரும், தாடி நரைத்தவர்கள் உட்பட, அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை.

எல்லாம் அந்த ஆணியால் வந்த பெயர்.

கடைச் சுவரில் ஓர் ஆணி அடித்திருப்பாள். வேலைக்கு வந்த வண்டியின் சாவி அதில் தொங்கும். வேலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். உண்மையான பதில் வந்தால் சாவி இறங்கும். இல்லையா, கத்தினாலும் இறங்காது, கெஞ்சினாலும் இறங்காது. யாரோ ஒரு பெரிய அதிகாரியின் வண்டி அரை நாள் நின்றதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

சரி, நான் கதையளந்துகொண்டிருக்கிறேன். அங்கே அர்த்தநாரி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சகாயமேரி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின்பக்கம், இடது சக்கரத்துக்கு முன்னால் குந்தினாள். மற்ற மூன்றும் முழு டயர். இது ஒல்லி டயர். அவசரத்துக்கு மாட்டிக்கொள்ள என்று வண்டியோடு கொடுக்கிற ஸ்டெப்னி.

எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"ஏறுமா ஏறாதான்னுதானேம்மா கேட்டேன்?"

"ஏறும். இறங்கறப்பதான் தெரியும். சாவி குடுங்கண்ணா."

"நாலு மணிக்குள்ள நான் மேல இருக்கணும்!"

"இப்ப மணி பதினொண்ணு."

அர்த்தநாரிக்குச் சுருக்கென்றது. பதினொன்றுதான். அவருக்கு என்னவோ காலையிலிருந்தே மணி நாலாகிவிட்ட மாதிரி இருந்தது.

சாவி ஆணியில் ஏறியது.

மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பையில் ஒரு பத்திரம் நாலாக மடித்து இருந்தது. வக்கீலை வைத்து எழுதியது. அதில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அவருடைய தங்கை கோமதி செத்து நாலு வருஷம். தங்கை போன மூன்றாம் மாசம், தங்கை புருஷன் குழந்தைவேல் குடியில் விழுந்தான். அப்புறம் ஒருநாள் ஆளையே காணோம். அஞ்சு வயசுப் பெண் தாரிணி நடுவீட்டில் நின்றாள். அர்த்தநாரிதான் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணமே வேண்டாம் என்று இருந்த ஆள், யூடியூபைப் பார்த்து ரெட்டைச் சடை போடக் கற்றுக்கொண்டார். பேன் பார்த்தார். காய்ச்சலில் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டார். இப்போது அவளுக்கு ஒன்பது வயசு.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் குழந்தைவேல் போன் செய்தான். ஏற்காட்டில், ஒரு காபித் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறான். குடியை விட்டு ஒன்றரை வருஷமாகிறது. தோட்டத்திலேயே வீடு கொடுத்திருக்கிறார்கள்.

"மச்சான், எனக்கு எந்த உரிமையும் இல்ல, தெரியும். பாப்பாகிட்ட மட்டும் கேட்டுப் பாருங்க, என்கூட வர்றாளான்னு."

"கேக்கறேன்" என்றார் அர்த்தநாரி.

கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் திரும்பக் கூப்பிட்டான். "கேட்டேன், வரமாட்டேங்கறா" என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். இன்றைக்குப் பத்திரத்தை நேரில் நீட்டி, கையெழுத்து வாங்கி, ஒரேயடியாகக் கதையை முடித்துவிடப் போகிறார். இனி அவள் இவர் பிள்ளை. அவ்வளவுதான்.

"அண்ணா, இங்க வாங்க."

சகாயமேரி காற்று பார்க்கிற மீட்டரை ஒல்லி டயரில் வைத்திருந்தாள்.

"என்ன காட்டுது?"

"முப்பத்தி மூணு" என்றார். "போன வாரம்தான் அடிச்சேன். நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு. எதுக்கும் நான் குறை வைக்கறதில்ல."

"டயர் மேல என்ன எழுதியிருக்கு, படிங்க."

குனிந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். தூசியைக் கட்டை விரலால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"அறுபதுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இந்த நோஞ்சானுக்கா? பெரிய டயருக்கே முப்பத்தி மூணுதானே?"

"பெரிய டயர் அகலமா நிக்குது. இது இத்தனூண்டு அகலத்துல அதே பாரத்தைத் தூக்கணும். அதனாலதான் அறுபது."

அர்த்தநாரி அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் சிரிப்பீர்கள், ஒரு ஸ்டெப்னியைப் பார்த்து அந்த மனுஷன் கண்கலங்கினார்.

"அப்ப இத்தனை நாளும் பாதிக் காத்துலயே சுமந்திருக்கு" என்றார். "யாரும் கண்டுக்கல பாரு. நல்லா இருக்கியா, முடியுதான்னு ஒரு வார்த்தை கேக்க நாதியில்ல. அது பாட்டுக்குச் சுமந்துக்கிட்டே இருந்திருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை மாட்டுனா பக்கத்துக் கடை வரைக்கும்தான் போகணும். எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு மஞ்சளா ஒட்டியிருக்கே, அதைப் படிக்கலியா?"

"நான் அறுபதைத் தாண்டுனதே இல்லம்மா."

"தாண்டாம ரெண்டு மாசம் போயிருக்கீங்க."

பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. அர்த்தநாரி ஸ்டூலுக்குத் திரும்பினார். உட்காரப் பிடிக்கவில்லை. சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. குழந்தைவேல். எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"பஞ்சரான டயர் எங்கண்ணா?"

"டிக்கியில."

டிக்கியைத் திறந்தாள். மேலே தாரிணியின் இறகுப்பந்து மட்டை, ஒரு ஒற்றைச் செருப்பு, பள்ளிக்கூடத்துக் குடை. அதையெல்லாம் பதமாக நகர்த்திவிட்டுப் பெரிய டயரை உருட்டி எடுத்தாள். ரெண்டு மாசத்துச் சேறு காய்ந்து போய், பட்டை பட்டையாக உதிர்ந்தது.

சுற்றிச் சுற்றித் தடவினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. குறடு வைத்து இழுத்தாள். வந்தது.

சின்ன ஆணி. சுண்டுவிரல் நகம் நீளம்கூட இல்லை.

ஓட்டையை அடைத்தாள். காற்றடித்தாள். சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், ஒரு குமிழிகூட வரவில்லை. பட்டன் என்கிற மேல்வரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். டயர் உறுதியாக இருந்தது.

"நல்ல டயர்ங்கண்ணா. இன்னும் ரொம்ப தூரம் ஓடும்."

அர்த்தநாரிக்கு அது பிடிக்கவே இல்லை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றினாள். ஒல்லி டயர் கழன்றது. பெரிய டயர் ஏறியது. போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்கினாள். வண்டி கீழே இறங்கி, ரெண்டு மாசத்துக்கு அப்புறம் நாலு காலிலும் சமமாக நின்றது. கழற்றின ஒல்லி டயர் மண்ணில் கிடந்தது. அது கிடக்கிற கிடப்பைப் பார்க்க அர்த்தநாரிக்குச் சகிக்கவில்லை.

"ஆச்சுல்ல? சாவியக் குடும்மா."

"கேள்வி இருக்கு."

"சீக்கிரம் கேளு."

அவள் டயரிலிருந்து எடுத்த அந்தச் சின்ன ஆணியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"எடுக்கப் பத்து நிமிஷம் ஆச்சு. ரெண்டு மாசமா ஏன் எடுக்கல?"

"நேரமில்லம்மா."

சாவி தொங்கியது.

"வாழப்பாடியில நல்ல கடை இல்ல."

"எங்க தம்பி கடையே வாழப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்கு."

சாவி தொங்கியது.

அர்த்தநாரிக்கு வந்ததே கோபம்! ஸ்டூல் உருண்டது.

"என்னம்மா கேள்வி இது? அந்தச் சின்னச் சக்கரம் என்ன பாவம் பண்ணுச்சு, சொல்லு! நடுரோட்டுல காலை வாரி விட்டுட்டுப் போனது யாரு? அந்தப் பெரிசு! அப்ப தாங்குனது யாரு? இது! ரெண்டு மாசம், ஒரு நாள் மக்கர் பண்ணுச்சா? இப்ப ஆணியை எடுத்தாச்சு, நான் சரியாயிட்டேன்னு அது வந்து நிக்கும். உடனே இதைக் கழட்டி மண்ணுல போடணும். நல்ல நியாயம்மா உங்க நியாயம்! சொல்லு, இது இனிமே எங்க போவும்? இதுக்குன்னு என்ன இருக்கு?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. ரோட்டில் போன ஒரு பைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.



சகாயமேரி மண்ணில் கிடந்த ஒல்லி டயரைத் தூக்கினாள். ஈரத்துணியால் ஒரு சுற்று துடைத்தாள். பட்டனைக் குனிந்து பார்த்தாள். "தேய்மானக் கோட்டை இன்னும் தொடல. அவசரத்துக்கு ஆகும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். காற்றுக் குழாயை மாட்டினாள். முள் முப்பத்தி மூணில் இருந்து ஏறியது. நாற்பது. ஐம்பது. அறுபதில் நிறுத்தினாள். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினாள். அடியில் அதே அளவுக்கு வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. டயர் அதில் அச்சாகப் போய் உட்கார்ந்தது. நடு போல்ட்டைப் போட்டு முடுக்கினாள். தட்டை மூடி, அதன்மேல் இறகுப்பந்து மட்டையையும் குடையையும் ஒற்றைச் செருப்பையும் இருந்தபடியே வைத்தாள்.

"இங்கதான்" என்றாள்.

அர்த்தநாரி டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இங்க இதுக்கு என்ன வேலை?"

"காத்து குறையாம இருக்கறது."

"அவ்வளவுதானா?"

"அது லேசில்லைங்கண்ணா. எல்லாரும் நாலு சக்கரத்துக்குக் காத்துப் பாப்பாங்க. இதை மறந்துருவாங்க. நீங்களாவது மாசம் ஒருக்கா பாருங்க."

கீழே உருண்ட ஸ்டூலை அர்த்தநாரியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல்முறையாக உருப்படியாக உட்கார்ந்தார்.

"கேள்வி அப்படியே நிக்குதுங்கண்ணா" என்றாள் சகாயமேரி. இப்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கழட்ட மனசு வரலம்மா."

சாவி இறங்கியது.

அவர் வண்டியில் ஏறினார். சாவியைப் போட்டார். திருகவில்லை. போனை எடுத்துக் கூப்பிட்டார். மறுமுனையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"குழந்தைவேலு, நான்தான். நான் பாப்பாகிட்டக் கேக்கவே இல்லப்பா. ரெண்டு மாசமா உன்கிட்டப் பொய் சொன்னேன்."

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"இப்பப் போய்க் கேக்கறேன். அவ சரின்னா நாலு மணிக்கு வர்றோம். இல்லைன்னா உன்னைப் பாக்க நான் மட்டும் வர்றேன். எதுக்கும் பால் வாங்கி வை. ஆடை இருக்கக் கூடாது, வடிகட்டிடு. ஆடையைப் பாத்தா தொடமாட்டா."

போனை வைத்தார். முகத்தைத் துடைத்தார். வண்டியைக் கிளப்பி, மலை ஏறுகிற பக்கம் போகாமல், சாலையின் குறுக்கே வளைத்துத் திருப்பினார்.

சகாயமேரி கடையிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணா! மலை அந்தப் பக்கம்!"

"தெரியும்மா. வாழப்பாடி போயிட்டு வர்றேன். ஒருத்திகிட்ட ஒண்ணு கேக்கணும். சரின்னு சொன்னா அவளையும் கூட்டிக்கிட்டு வரணும். துணிமணி, புத்தகம், சைக்கிள்னு அவளுக்கு மூட்டை நிறைய இருக்கு."

"நில்லுங்க, நில்லுங்க. பாரம் கூடுதுன்னா பின் சக்கரம் ரெண்டுக்கும் இன்னும் ரெண்டு மூணு ஏத்தணும்."

அர்த்தநாரி வண்டியை அணைத்தார். சாவியை உருவி, ஜன்னல் வழியாக அவரே நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கோங்கண்ணா" என்றாள். "இதுக்குக் கேள்வி கிடையாது."