ஆளுக்கொரு சுருதி

மொட்டைப்பாறைக் குகையில் ஒரு வௌவால் கூட்டம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே குடித்தனம் நடத்தியது. அதில் கீச்சி என்ற தாய் வௌவாலுக்குத்தான் தொண்டை பெரிது. வாயும் பெரிதுதான்!

வௌவாலுக்கு இருட்டில் குரல்தான் கண். கத்தினால், அந்தச் சத்தம் எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வரும். இது பாறை, இது பூச்சி என்று காது கண்டுகொள்ளும்.

அடைமழை விட்ட ஓர் அந்தியில், பட்டினி கிடந்த கூட்டம் மொத்தமும் ஒன்றாக வாசலுக்குப் பாய்ந்தது. எல்லோரும் ஒரே சுருதியில் கத்தினார்கள். அவ்வளவுதான்! யார் சத்தம் யாருக்குத் திரும்புகிறது என்றே தெரியவில்லை. டமார்! டுமீர்!

"ஏய், கண்ணு தெரியலையா?"

"கண்ணு கிடக்கட்டும், காதே அடைச்சுப் போச்சு!"

கீச்சிக்கு மொட்டு என்று ஒரு குட்டி. அது குகையில் பாலில்லாமல் துவண்டு கிடந்தது. இன்று இரை கிடைக்காவிட்டால் பிள்ளை பிழைக்காது. பாவம், அவள் தொண்டை கிழியக் கத்தினாள். உடனே மற்றவர்கள் அதைவிடக் கத்தினார்கள்!

"கொஞ்சம் அடக்கி வாசியேன், கீச்சி!" என்றார் பக்கத்தில் பறந்த குண்டு மாமா.

"நான் ஏன் அடக்கணும்? நீங்க வாயை மூடுங்க, மாமா!"

அப்போது ஓர் எதிரொலி வந்தது. அடேயப்பா, கொழுத்த பூச்சி! கீச்சி பாய்ந்து ஒரே கடி!

"ஐயோ, என் காது!" என்று அலறினார் மாமா. அவர் உதறிய உதறலில் கீச்சி தொப்பென்று கீழே புதரில் விழுந்தாள்.

அங்கே ஆந்தை காத்திருந்தது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தானே! "வாடி, என் செல்லம்!" என்று நகத்தை விரித்தது.

பயத்தில் கீச்சிக்குக் குரலே எழவில்லை. அடித்தொண்டையில் ஒரு முனகல்தான் வந்தது. அந்தச் சுருதியில் வேறு யாரும் கத்தவில்லை. அதனால் முனகல் பட்டுத் திரும்பியது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. இதோ புதர், அதோ நகம், நடுவில் ஒரு சந்து! விருட்டென்று அதில் புகுந்து மேலே பறந்தாள்.

"மாமா! நான் அடித்தொண்டையிலேயே போறேன். நீங்க நடுத்தொண்டை. பொடிசுங்க உச்சத்துல கீச்சிடட்டும். ஆனா எல்லாரும் மெதுவா!"

"காதைக் கடிச்சவ புத்தி சொல்ல வந்துட்டா!" என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் பசி யாரை விட்டது? எல்லோரும் செய்து பார்த்தார்கள்.

அடடா, வழியெல்லாம் துலங்கியது! பூச்சி பூச்சியாகப் பிடித்துத் தின்றார்கள். மொட்டு வயிறு முட்டப் பால் குடித்து ஏப்பம் விட்டது. ஆந்தை மட்டும் தன் நகத்தைத் தானே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எல்லோரும் போட்டிக்குக் கத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது. அடுத்தவருக்கு இடம் விட்டுப் பேசினால்தான் நம் குரலும் நமக்குக் கேட்கும்.