ஏழாவது வரியில் செவலை

திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக்கொண்டே, செல்போனைப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றவள் கோகிலவாணி. கோவையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்தாள்.

மேனேஜர் ரங்கபாஷ்யம் அவள் விண்ணப்பத்தை இரண்டு விரலால் தூக்கினார். "டிகிரி இல்லை. யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நானே படிச்சதுங்க சார்."

அவர் சிரித்தபடி தன்கீழ் வேலை பார்க்கும் பத்து இன்ஜினியர்களையும் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பினார். "நான் எழுதின வருகைப்பதிவு புரோகிராம். முப்பத்தொண்ணாம் தேதி வந்தாப் படுத்துக்குது. இவங்க மூணு மாசமாத் தேடறாங்க. நான் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரிபண்ணு, வேலை உனக்குத்தான்."

அவர் டம்ளரை எடுப்பதற்குள் அவள் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். புரோகிராம் ஜம்மென்று ஓடியது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்கலைங்க சார். ரெண்டு வருசம் முன்னால இதை எழுதி இன்டர்நெட்ல போட்டதே நான்தானுங்க. முப்பத்தொண்ணுன்னு போடாம முப்பதுன்னு போட்டுட்டேன். மறுநாளே திருத்திட்டேன். நீங்க முதல் நாளே எடுத்துட்டீங்க போல."

"உளறாதே!"

"ஏழாவது வரியில 'செவலை'ன்னு ஒரு பேர் இருக்கு பாருங்க. அது எங்க ஊட்டு ஆடுங்க."

ரங்கபாஷ்யம் பார்த்தார். இருந்தது.

"யார் சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டீங்களே சார். எனக்கு யாருமில்லைங்க. உங்களுக்கு நான்தானுங்க."

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்து உட்கார்ந்ததும், அந்தப் பேருக்கு மூன்று மாதமாக அர்த்தம் தேடிய பத்து இன்ஜினியர்களும் வரிசையாக வந்து கேட்டார்கள்: "செவலை சௌக்கியமா?"