முதல்ல இறங்க விடுங்க

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேட வேண்டாம். இந்தக் குரு வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். பெயர் ஜெசிந்தா. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருபவர்.

சீடர் மருதமுத்துவுக்கு அவரைவிட இருமடங்கு வயது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பாதி புழுதியாலும் பாதி பீடியாலும் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். பீடியை இவர் விட்டுவிட்டார், இளைப்பு இவரை விடவில்லை.

"டீச்சர், அடுத்த மாசம் மலைக்கோயில்ல தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. ரொம்ப காலம் கழிச்சு தவமிருந்து பெத்த புள்ள. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். என் மடியிலதான் உக்காரணும்."

"உக்காரட்டும்ண்ணே."

"நான் படியேற முடியலைன்னா மச்சான் அவரு பங்காளி மடியில வச்சிருவாரு. அந்த ஆளு எப்படா சான்ஸ் கிடைக்கும்னு காத்திருக்கான்." கொஞ்சம் இளைத்துவிட்டுக் கேட்டார். "ஊரெல்லாம் காத்து கெடக்கு. என் நெஞ்சுக்குள்ள மட்டும் ஏன் போக மாட்டேங்குது?"

ஜெசிந்தா ஆஸ்பத்திரி மாடிப்படியைக் காட்டினார்.

"ஏறுங்க."

மருதமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கைப்பிடியைத் தொடாமல் விறுவிறுவென்று ஏறி, படி திரும்பும் இடத்தில் விழி பிதுங்க நின்றார். காற்றை இழுத்தார். இழுத்ததை விடாமல் மறுபடியும் இழுத்தார். முகம் கறுத்தது.

ஜெசிந்தா அவரை ஜன்னல் திட்டில் முழங்கை ஊன்றிக் குனிந்து நிற்க வைத்தார். கீழே பஸ் ஸ்டாப் தெரிந்தது. ஒரு டவுன் பஸ் வந்து நின்றதும் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு முண்டியது. ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார். உள்ளே இருந்தவர்கள் இறங்க முடியாமல் கத்தினார்கள்.

உயிரே போனாலும் மருதமுத்துவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"எறங்கறவங்கள... விடுங்கய்யா... மொதல்ல!"

"ஏன்ண்ணே?" என்றார் ஜெசிந்தா.

"என்ன கேள்வி டீச்சர்? உள்ள இருக்கறவன் எறங்காம, வெளிய நிக்கறவன் எங்க ஏறுவான்?"

ஜெசிந்தா அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மருதமுத்துவும் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"நின்னு மூக்கால இழுங்க. படியில கால் வைக்கறப்போ விசில் ஊதற மாதிரி உதட்டைக் குவிச்சு, மெதுவா விடுங்க. இழுக்கறதைவிட விடறது நீளமா இருக்கணும்."

"விசிலே இருக்கு டீச்சர்," என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

காதுகுத்து அன்று உறவெல்லாம் முன்னால் போய்விட்டது. பாதி மலையில் மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு மருதமுத்து போன் செய்தார்.

"நல்ல நேரம் முடியப்போகுது டீச்சர். நானில்லாம குத்திருவாங்க. ஓடிறட்டுமா?"

"விசில் இருக்கா?"

"இருக்கு."

"ஊதிக்கிட்டே ஏறுங்க." போன் கட்டாகிவிட்டது.

மருதமுத்து விசிலை வாயில் வைத்து, நீளமாக ஒன்று விட்டு, ஒரு படி ஏறினார். முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றார்கள். இரட்டை விசில் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தார். இப்படியே நிறுத்தி நிறுத்தி, மலையேறும் டவுன் பஸ்ஸாகப் போய்ச் சேர்ந்தார்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கையில் பஞ்சாமிர்த டப்பா இருந்தது.

"பங்காளி சம்மணம் போட்டே உக்காந்துட்டான் டீச்சர். விசில் சத்தம் கேட்டதும் தங்கச்சி புள்ளையக் குடுக்கலை. 'அண்ணன் வருது'ன்னு சொல்லிட்டா. ஆசாரி ஊசியைக் கீழ வச்சிட்டாரு."

"அப்புறம்?"

"என் மடியிலதான் குத்துனாங்க. புள்ள என் சட்டையெல்லாம் நனைச்சிட்டா." அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எனக்காக நிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"கண்டக்டர் விசில் குடுக்காம எந்த வண்டிண்ணே கெளம்பியிருக்கு?"